கறுப்புப் பந்தின் மேல் ஒரு விரல்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் புதிதாக ஒரு பூல் பார்லர், அதாவது டேபிளில் கோலால் பந்து தட்டி ஆடுகிற இடம், திறந்திருக்கிறார்கள். ஏசி, கலர் விளக்கு, பாட்டு என்று ஒரே அமர்க்களம். அதை நடத்துகிற அருணுக்கு யாரோ ஒரு புண்ணியவான் என் நம்பரைக் கொடுத்துவிட்டான். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

சாப்பிட உட்கார்ந்தால் போட்டோ வருகிறது. குளித்துவிட்டு வந்தால் போட்டோ வந்து கிடக்கிறது. வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு படம். கீழே, “டச்சிங்கா அங்கிள்? அர்ஜென்ட்.” படத்தைப் பார்த்துச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா? அருண் எடுக்கிற கோணத்தில் பார்த்தால் டேபிளில் இருக்கிற எல்லாப் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். நேரில் வந்து, குனிந்து, இரண்டு பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கத்துக்குப் பக்கம் மாறிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால், “கூகுள்ல வேற மாதிரி போட்டிருக்கு அங்கிள்” என்கிறான். அப்புறம் எதற்கப்பா என்னைக் கேட்கிறாய்? கூகுளையே வந்து குனிந்து பார்க்கச் சொல்லேன்.

போன வாரம் வந்த படம்தான் உச்சம். வெறும் பாக்கெட். டேபிளின் மூலை, அதில் ஓட்டை, அவ்வளவுதான். கீழே இப்படி எழுதியிருந்தது: “பால் இங்க விளிம்புல நின்னுச்சு அங்கிள். அப்புறம் அதுவா விழுந்துடுச்சு. ரெண்டு பேரும் சட்டையப் பிடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. யார் வின்?”

விழுந்த பிறகு காலி ஓட்டையைப் படம் பிடித்து அனுப்பினால் நான் என்னத்தைச் சொல்வது! எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த ஊர் மனமகிழ் மன்றத்தில் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மார்க்கர் என்றால் ஸ்னூக்கர் டேபிளைத் துலக்க வேண்டும், பந்துகளை எடுத்து வைக்க வேண்டும், பாயிண்ட் சொல்ல வேண்டும், சண்டை வந்தால் தீர்க்க வேண்டும். முதல் மூன்றுக்குத்தான் சம்பளம். நான்காவதற்குக் கிடைத்ததெல்லாம் வசவு. வேலூரிலிருந்து வந்த ஒரு பழைய மார்க்கரிடம் ஒரு கோடைக்காலம் முழுக்கத் தொழில் கற்றுக்கொண்டேன். அவர் போன பிறகு ரூல் புத்தகமும் நானும்தான்.

பந்து ஒழுங்காக உருண்டு ஒழுங்காக விழுந்தால் மார்க்கரே தேவையில்லை. அது விழாமல் நிற்கும், ஒட்டிக்கொள்ளும், எகிறும். இரண்டு பந்துகள் ஒரே பாக்கெட்டின் வாயில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நானா நீயா என்று நிற்கும். அப்போதுதான் இத்தனை நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ரூல் தெரிந்துவிடும். மிளகாய் மண்டி வைத்திருப்பவர் எனக்கு ரூல் சொல்லுவார். நான் என்றைக்காவது அவருக்கு மிளகாய் விலை சொன்னேனா?

மன்றத்துச் செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பந்தை அடிக்கிற கோலான க்யூவை ஒருநாளும் கையில் தொட்டதில்லை. ஆட்டம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனால் சண்டை தெரியும். எவ்வளவு பெரிய தகராறு என்றாலும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “மொதல்ல டீ சொல்லுங்க” என்பார். எதிர்க்கடையிலிருந்து டீ வருகிற வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கையை மட்டும் தூக்குவார். டீ வந்து, எல்லார் கையிலும் கிளாஸ் போன பிறகுதான் என்னைப் பார்த்து, “ரூல் என்னா சொல்லுது?” என்று கேட்பார். எனக்கோ அதற்குள் தலை வெடித்துவிடும்.

ஒருமுறை கேட்டேன், “எதுக்கு சார் டீ? எனக்குத்தான் ரூல் தெரியுமே, அப்பவே சொல்லிட்டு வேலையப் பாக்கலாமே.”

“உனக்கு ரூல் தெரியும் சேகரு. என்னா நடந்துச்சுன்னு அவங்களுக்குத்தான தெரியும்? அது வெளிய வரட்டும்.”

வரவும் செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வக்கீல் இருந்தார், வயிறு கொஞ்சம் ஜாஸ்தி. எதிராளி அடித்த சிவப்புப் பந்து எகிறி, அவர் வயிற்றில் பட்டு, சமர்த்தாகத் திரும்பி டேபிளிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அடிக்கிறவரோ எதிரில் நிற்கிறவரோ, யார் உடம்பு பந்தில் பட்டாலும் அவருக்கு ஃபவுல். வயிறும் உடம்புதான். “என் மேல படவே இல்ல, டேபிள் கட்டையில பட்டுத் திரும்பிச்சு” என்று வக்கீல் கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஒரு பாடு வாதாடினார். டீ வந்தது. பாதி கிளாஸ் குடித்தார். “பட்டுச்சுய்யா, போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகை தீபத்தன்று மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் உறுப்பினர்கள் குடும்பத்தோடு முன்கூட்டியே மன்றத்துக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வராந்தாவிலிருந்து மலை உச்சி தெளிவாகத் தெரியும். பொழுது போக வேண்டுமே என்று வருடாந்தர ஸ்னூக்கர் போட்டியின் கடைசி ஆட்டத்தை அன்று மதியத்தில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையில் அத்தனை ஜனத்தை எதிர்த்து நீச்சலடித்து நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அந்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏழுமலை, லாட்ஜ் வைத்திருப்பவர். இன்னொருவர் தனபால், போளூரில் ரைஸ் மில். வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். இப்போது சம்பந்தி ஆகப் போகிறவர்கள். ஏழுமலையின் ஒரே பெண் பவித்ராவுக்கும் தனபாலின் மகனுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். பையன் ஓசூரில். இருவரும் காலேஜிலிருந்தே பழக்கம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் அந்தப் பெண் பாதியாக இளைத்துப் போனாள்.

நிச்சயம் முடிந்த பிறகு வந்தது வினை. கல்யாணம் எந்த ஊரில்?

“மாப்பிள்ள ஊட்லதான் கல்யாணம். எங்க வழக்கத்த மாத்தினா போளூர்ல நான் தலகாட்ட முடியுமா?” என்றார் தனபால்.

“ஒரே பொண்ணுங்க. லாட்ஜே என்னுது, வர்ற ஜனத்துக்கு ரூம் இருக்குது. இங்க வெச்சா இன்னா கொறஞ்சிடும்?” என்றார் ஏழுமலை.

பேச்சு தடித்தது. இரண்டு வாரம் போல ஒருவர் போனை ஒருவர் எடுக்கவில்லை. தனபாலின் அக்கா வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. இந்த லட்சணத்தில் மிளகாய் மண்டிக்காரர் விளையாட்டாகச் சொன்னார், “ரெண்டு பேரும்தான் ஃபைனல்ல இருக்கீங்களே, ஜெயிக்கறவங்க ஊர்ல வெச்சிக்குங்களேன்.” சிரித்துவிட்டுப் போகிற பேச்சு. இவர்கள் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கொண்டுவந்து என் டேபிள் மேல் வைத்தால் நான் பாயிண்ட் சொல்வதா, தாலி எடுத்துக் கொடுப்பதா?

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இருவருக்கும் பயம். அடிக்க வேண்டிய பந்தை அடிக்காமல் தள்ளித் தள்ளி வைத்தார்கள். தீபம் ஏறுகிற நேரம் நெருங்கியபோது டேபிளில் மிச்சம் இருந்தது வெள்ளையும் கறுப்பும்தான். கறுப்புக்கு ஏழு பாயிண்ட். ஆட்டம் இருந்த நிலையில் அதைப் பாக்கெட்டில் போடுகிறவர்தான் ஜெயிப்பார். அடிக்கும்போது வெள்ளை பாக்கெட்டில் விழுந்துவிட்டால் அந்த ஏழும் எதிராளிக்குப் போகும், ஆட்டமும் முடிந்துவிடும்.

தனபால் குனிந்து அடித்தார். கறுப்பு மெதுவாக, ரொம்ப மெதுவாக, மூலைப் பாக்கெட்டைப் பார்த்து உருண்டது. விளிம்புக்குப் போய்ச் சேர்கிற நேரத்தில் வேட்டுச் சத்தம். வராந்தாவில் இருந்தவர்கள் “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் திரும்பினேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். இதற்காக இன்றுவரை என்னைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். மலையில் தீபம் ஏறும்போது பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் இந்த ஊர்க்காரனா?

திரும்பிப் பார்த்தால் கறுப்பு இல்லை. பாக்கெட்டின் வலைக்குள் கிடந்தது.

இங்கே ரூல் புத்தகத்தில் இரண்டு வரி இருக்கிறது. விளிம்பில் ஒரு கணம் தயங்கிவிட்டு விழுந்த பந்து, அடித்தவருக்குச் சேரும். நின்றேவிட்ட பந்து பிறகு தானாக விழுந்தால் அது கணக்கில்லை, எடுத்து நின்ற இடத்திலேயே வைக்க வேண்டும், அடுத்தவர் ஆட வேண்டும். ஒரு கணம் என்றால் எவ்வளவு என்று புத்தகத்தில் இல்லை. எழுதியவர் வீட்டில் கடிகாரமே கிடையாது போலிருக்கிறது. வேலூர் மார்க்கர் சொல்லிக்கொடுத்தது வேறு: “ஒரு மூச்சு இழுத்து உடு. அதுக்குள்ள உழுந்தா தயக்கம். அதுக்கு மேலயும் நின்னா, நின்னதுதான்.”

சரி, மூச்சு விட்டுப் பார்க்க யார் அங்கே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? தயங்கி விழுந்திருந்தால் தனபால் ஜெயித்துவிட்டார், கல்யாணம் போளூரில். நின்று விழுந்திருந்தால் கறுப்பை மறுபடி விளிம்பில் வைக்க வேண்டும். அப்புறம் ஏழுமலை லேசாகத் தட்டினால் போதும், கல்யாணம் இங்கே.

“அவ்ளோ மெதுவா போன பந்து நிக்காம எப்படி விழும்?” என்று ஏழுமலை கத்தினார்.

“என் பந்து உள்ள இருக்குது. எனக்கு அது போதும்” என்றார் தனபால்.

“இப்பவே இப்படின்னா, பொண்ணக் குடுத்தப்புறம் எப்படியோ!”

“குடுக்க இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க.”

சொல்லக் கூடாத அந்த வார்த்தையும் வந்துவிட்டது. செயலாளர் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்தார். “மொதல்ல டீ சொல்லுங்க” என்றார்.

தீபத்தன்று எதிர்க்கடையில் டீ வாங்குவதென்றால் சும்மாவா? அத்தனை கூட்டம். டீ வருகிற வரை இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவழியாக வந்தது. குடித்தார்கள். தனபால் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

“யாராவது பார்த்தீங்களா?” என்று செயலாளர் கேட்டார்.

“நான் பார்த்தேன் சார்.”

ஸ்கோர் போர்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்து நின்றாள்.

“நீ மலையப் பாக்கலியாம்மா?” என்றார் செயலாளர்.

“என் கல்யாணத்தத் தூக்கி அந்தப் பந்து மேல வெச்சிருக்காங்க. நான் எப்படி சார் மலையப் பாக்கறது?” குரலில் கோபம் இருந்தது. “பந்து நின்னுச்சு சார். எல்லாரும் ஓடினாங்க, அரோகரா சொன்னாங்க, அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் விழுந்துச்சு.”

சொல்லிவிட்டு மாமனாராகப் போகிறவரை நேராகப் பார்த்தாள். அவர் க்யூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழப் போகிற வீட்டுப் பெரியவருக்கு எதிராக, அத்தனை பேர் முன்னால், அப்பாவுக்குச் சாதகமான சாட்சி. இதை அந்த அக்காக்காரி எப்படித் திரித்துப் பேசுவாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“ரூல் என்னா சொல்லுது?” என்றார் செயலாளர்.

“நின்னு விழுந்திருந்தா எடுத்து அதே எடத்துல வெக்கணும் சார்.”

“வை.”

வை என்று வாயால் சொல்வது சுலபம். தானாகவே விழுந்த பந்து வைத்தால் மட்டும் நிற்குமா? பாக்கெட்டின் வாயில் துணி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், கொஞ்சம் சரிவும் இருக்கும். பந்தைத் துடைத்து, இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். விரலை எடுத்ததும் விழுந்தது. “ஃபேனை நிறுத்துங்கப்பா” என்றேன். நிறுத்தினார்கள். வைத்தேன், விழுந்தது. “யாரும் நடக்காதீங்க” என்றேன். வைத்தேன். நின்றது. எல்லாரும் “ஹா” என்று ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். விழுந்தது. “ஓட்டைய விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி வையேன்யா” என்றார் மிளகாய் மண்டிக்காரர். உள்ளே தள்ளி வைத்தால் அது வேறு இடம் ஆயிற்றே! நான் அவரைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

வேலூர் மார்க்கர் இதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார். பந்து நிற்கவே மாட்டேன் என்றால் மார்க்கர் அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்து மோதப் போகிற நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். அப்படியே செய்தேன். டேபிள் மூலையில் முதுகை வளைத்துக் குனிந்து, கறுப்பின் தலையில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, “ஆடுங்க சார்” என்றேன்.

ஏழுமலை க்யூ நுனி வழுக்காமல் இருக்கச் சாக்கட்டி பூசினார். பூசினார், பூசிக்கொண்டே இருந்தார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, நேர்கோடு. முதல்முறையாக க்யூ பிடிக்கிறவன்கூடப் போட்டுவிடுவான். அவர் மகளைப் பார்த்தார். தனபாலைப் பார்த்தார். குனிந்தார். என் முதுகு விண்விண் என்று வலித்தது.

அடித்தார். வெள்ளை என் பக்கமே வரவில்லை. நேராக நடுப் பாக்கெட்டுக்குப் போய், சுற்றிலும் எதையும் தொடாமல், உள்ளே விழுந்தது.

நான் கறுப்பின் மேல் விரலை வைத்தபடி குனிந்தே நின்றேன். செயலாளர்தான் மெதுவாக, “சேகரு, சொல்லிடு” என்றார்.

“ஃபவுல். ஏழு. தனபால் சார் வின்” என்றேன். விரலை எடுத்தேன். கறுப்பு விழுந்தது.

“அப்பா!” என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு பவித்ரா வராந்தாவுக்குப் போய்விட்டாள். சம்பந்திகள் கை குலுக்கிக்கொண்டார்கள். தனபாலின் முகத்தில் ஜெயித்தவனின் களையே இல்லை.

க்யூவை வாங்கி மாட்டும்போது நான் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? அந்தப் பொண்ணு எவ்ளோ தைரியமா சொல்லிச்சு! நானும் முதுகொடிய நின்னேனே!”

“அவ சொல்லி மாமனார் தோத்தார்னு ஆகக் கூடாது சேகரு. ஆயுசுக்கும் அந்த ஊட்ல இருக்கப் போறவ” என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை.

தை மாதம் போளூரில் கல்யாணம் நடந்தது. போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்கு அணை கட்டிக்கொண்டிருந்தபோது தனபால் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை வாடிப்போயிருந்தது.

“அன்னிக்கு நான் மலையப் பாக்கலய்யா” என்றார்.

“என்னா சார்?”

“நான் அடிச்ச பந்து போய்க்கினு இருக்குது, நான் எங்க திரும்பறது? பாத்துக்கினுதான் இருந்தேன். நின்னுச்சு. நல்லாவே நின்னுச்சு. அப்புறம்தான் விழுந்துச்சு.”

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. “அத அன்னிக்கே வாயத் தெறந்து சொல்றதுக்கென்னா சார்? நான் எத்தன வாட்டி அந்தப் பந்த வெச்சேன்! அந்தப் பொண்ணு அத்தன பேர் முன்னாடி தனியா நின்னுச்சே!”

“சொல்லணும்னுதான் இருந்தேன். டீ குடிக்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தோக்க மனசு வரல.” மாலையின் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். “நலங்கு வெக்கும்போது மருமவகிட்ட சொல்லிட்டேன். மனசு கேக்கல.”

“அது என்னா சொல்லிச்சு?”

“தெரியும் மாமான்னுச்சு. ‘நீங்க பந்தப் பாத்துக்கினு இருந்ததயும் நான் பாத்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் டீ முடியற வரைக்கும் பொறுத்தேன்’னுச்சு.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இலையில் என்னென்ன விழுந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குப் பந்தைப் பார்க்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு தீபம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

அருணுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். “ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பாதே. மொதல்ல எல்லாருக்கும் டீ சொல்லு. அவங்க குடிக்கும்போது மூஞ்சிங்களப் படம் எடுத்து அனுப்பு, யார் வின்னுன்னு சொல்றேன்.”